கால் பெட்டிக்குக் கால் கொடுத்த கதை

ஓய்வு பெற்ற ரயில்வேக்காரனுக்கு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு தனி மரியாதை உண்டு. லிஃப்ட் நின்றாலும், தண்ணீர் மோட்டார் முனகினாலும், குழந்தையின் சைக்கிள் பெடல் கழன்றாலும் நேராக நம் கதவைத்தான் தட்டுவார்கள். "ரயிலையே ஓட வைத்தவருக்கு இது ஒரு பிரமாதமா?" என்பார்கள். நான் ரயிலை ஓட்டியவன் அல்லன்; அது ஒழுங்காக நிற்கிறதா என்று பார்த்தவன். பெட்டிகளின் பிரேக்கும் சக்கரமும்தான் என் வேலை. இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. எனவே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது வழக்கம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், விநாயகர் சதுர்த்திக்கு ஐந்து வாரம் இருக்கையில் அப்படி ஓர் அழைப்பு வந்தது. வாகடில் எங்கள் கட்டடத்தின் எட்டாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்த மராத்திக் குடும்பம் அது. சதாசிவ் பேட்டையில் அவர்கள் இருந்த பழைய வாடாவை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்று இங்கே வந்துவிட்டார்கள். மகனுக்கு ஹிஞ்சவடியில் வேலை. வீட்டில் எண்பதை எட்டிய தாயார் ஒருவர். கட்டடம் முழுவதும் அவரை 'ஆஜி' என்றுதான் கூப்பிடும். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் தென்னாட்டுக்காரனைக் கண்டால் இங்கே எல்லோருக்கும் 'அண்ணா'தான். அவருக்கும் நான் அண்ணாதான்.

கூடத்து மூலையில் துணி போர்த்தி ஒரு மர அலமாரி போல நின்றது அது. துணியை எடுத்தால், காலால் மிதித்து வாசிக்கும் ஆர்கன். கீழே இரண்டு பெடல்கள். ஒன்று சரியாக இருந்தது. மற்றொன்று செத்த எலிபோல் தரையோடு தொங்கியது.

மகன் என்னைத் தனியே அழைத்து, "ஒரு ஹோட்டல்காரர் வரவேற்பறையில் அலங்காரமாக வைக்கக் கேட்கிறார், அங்கிள். மாதக் கடைசியில் வண்டி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். சரிசெய்ய முடியாது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அம்மா ஒப்புக்கொள்வார்" என்றார். கெட்ட மனிதர் அல்லர். இரண்டு படுக்கையறை வீட்டில் அவருக்கும் இடம் வேண்டாமா? ஆஜி ஒன்றும் சொல்லவில்லை. பெடல் பலகையை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அதற்கு எனக்கென்று ஒரு காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பாரிஸிலிருந்து புனேக்கு

இந்தப் பெட்டி எப்படி நம் நாட்டுக்கு வந்தது என்பது சுவையான கதை. 1842-இல் பாரிஸ் நகரத்தில் அலெக்ஸாண்டர் டெபைன் என்பவர் ஹார்மோனியத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது நாற்காலியில் உட்கார்ந்து, காலால் மிதித்து, இரண்டு கையாலும் வாசிக்கும் வாத்தியம். பாதிரியார்களோடும் வெள்ளைக்கார அதிகாரிகளோடும் அது கப்பல் ஏறி இந்தியாவுக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் என்பவர் அதைச் சுருக்கித் தரையில் வைத்து, ஒரு கையால் துருத்தியை அசைத்து மறுகையால் வாசிக்கும்படி செய்தார். இன்று பஜனை மடத்தில் நாம் காண்பது அதுதான்.

ஆனால் நாடக மேடை கால் பெட்டியை விடவில்லை. இரண்டு கையும் வாசிக்கக் கிடைக்கிறதே! 1880 அக்டோபர் 31 அன்று புனேயில் அண்ணாசாகேப் கிர்லோஸ்கரின் 'சங்கீத சாகுந்தல்' மேடையேறியதை மராத்தி இசை நாடகத்தின் தொடக்கமாகக் கொண்டாடுகிறார்கள். 1913-இல் பால கந்தர்வர் 'கந்தர்வ நாடக மண்டளி'யைத் தொடங்கியபோது அவரோடு சேர்ந்து நின்ற கோவிந்தராவ் டேம்பே பெயர் பெற்ற ஹார்மோனியக் கலைஞர். பிற்காலத்தில் பால கந்தர்வரின் பாட்டுக்கு ஆர்கனும், சாரங்கியும், அகமத் ஜான் திரக்வாவின் தபலாவும் பக்கபலமாக இருந்தன. ஜங்லி மஹாராஜ் சாலையில் நம்மில் பலர் பார்த்திருக்கும் பால கந்தர்வ ரங்கமந்திர் 1968-இல் திறக்கப்பட்டது. மராத்தியர் இதைப் 'பாய்பேட்டி' என்கிறார்கள். பாய் என்றால் கால். பேட்டி என்றால் பெட்டி. நம் ஊர் நாடகக்காரர்கள் சொல்லும் கால் பெட்டியேதான்!

மராத்தி, பார்சி நாடகக் குழுக்கள் அந்தக் காலத்தில் தமிழ்நாடு முழுவதும் சுற்றி வந்தவை. அவற்றின் மெட்டுகளோடு ஹார்மோனியமும் நம் மேடைக்கு வந்து ஒட்டிக்கொண்டது. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களில் ஹார்மோனியக்காரர் வெறும் பக்கவாத்தியக்காரர் இல்லை, பின்பாட்டும் அவருடையதுதான். எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு அவருடைய சகோதரர் காசி ஐயரே ஹார்மோனியம் வாசித்தார். 1940-இல் அகில இந்திய வானொலி, இது நம் சங்கீதத்துக்கு ஒவ்வாத வாத்தியம் என்று தடை போட்டது. தடை தளர முப்பது ஆண்டுகள் ஆயின. வானொலி கதவை மூடியபோதும் நாடகக் கொட்டகை திறந்தே இருந்தது.

உடைந்தது எது?

மறுநாள் பின்பலகையைக் கழற்றினேன். உள்ளே பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பது வருடம் முன்பு நான் வேலைக்குச் சேர்ந்தபோது படித்த வாக்வம் பிரேக் அப்படியே மரத்தில் செய்து வைத்தாற்போல் இருந்தது!

ஐரோப்பிய ஹார்மோனியம் காற்றை வெளியே தள்ளி ஒலிக்கும். அமெரிக்க வகை ஆர்கன் காற்றை உள்ளே உறிஞ்சி ஒலிக்கும். ஆஜியின் ஆர்கன் இரண்டாவது வகை. பெடலை மிதித்தால் ஒரு நாடா உருளைமேல் ஓடி, உள்ளே இருக்கும் துருத்தியை இழுத்து விரிக்கும். அந்தத் துருத்தி, பின்னால் உள்ள பெரிய சேமிப்புத் துருத்தியிலிருந்து காற்றை உறிஞ்சும். காலை எடுத்தால் ஒரு ஸ்பிரிங் துருத்தியை மூடி, உறிஞ்சிய காற்றை வெளியே துப்பிவிடும். தோலால் செய்த கதவுகள் காற்று திரும்பி வராமல் பார்த்துக்கொள்ளும். இப்படி உள்ளே வெற்றிடம் உண்டானபின் ஒரு கட்டையை அமுக்கினால், வெளிக்காற்று பித்தளை ரீடு வழியாக உள்ளே பாயும். ரீடு அதிரும்; சுரம் பிறக்கும்.

பழைய ரயில்களில் பிரேக்கும் இப்படித்தான். எஞ்சின் காற்றை உறிஞ்சி வண்டி நெடுகக் குழாயில் வெற்றிடத்தை வைத்திருக்கும். சங்கிலியை இழுத்தால் குழாய்க்குள் காற்று புகும், பிரேக் பிடிக்கும். அங்கே காற்று புகுந்தால் வண்டி நிற்கிறது; இங்கே காற்று புகுந்தால் பாட்டு வருகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். ரயிலில் சுமார் 50 சென்டிமீட்டர் பாதரச அளவு வெற்றிடம். ஆர்கனுக்கு மூன்று நான்கு அங்குலத் தண்ணீர் அளவு போதும்; ரயிலோடு பார்த்தால் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். அந்த வாக்வம் பிரேக்கெல்லாம் இன்று போய்விட்டது. காற்றழுத்தப் பிரேக் வந்துவிட்டது. என்னோடு சேர்ந்து என் படிப்பும் ஓய்வு பெற்றுவிட்டது என்று நினைத்திருந்தேன்.

உடைந்திருந்தது, நாடா ஓடும் உருளையைத் தாங்குகிற வார்ப்பிரும்பு பிராக்கெட். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். வீடு மாற்றியபோது தூக்கிவந்தவர்கள் ஆர்கனின் மொத்தப் பாரத்தையும் ஒரு பெடல்மேல் இறக்கிவிட்டார்களாம். போல்ட்டு ஓட்டைக்குப் பக்கத்தில் இரண்டாகப் போய்விட்டது. வீட்டார் அதை ஒரு பட்டறையில் கொடுத்து வெல்டிங் செய்து மாட்டியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் வெல்டிங்கை ஒட்டியே மறுபடி ஒடிந்துவிட்டது.

ஒடியாமல் என்ன செய்யும்? வார்ப்பிரும்பில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் கரி உண்டு. சாதாரண இரும்புக் கம்பியால் மின்சார வெல்டிங் செய்து அப்படியே ஆறவிட்டால், சேர்ந்த இடத்தின் ஓரம் கண்ணாடிபோல் கெட்டியாகி விரிந்துவிடும். அதற்குப் பித்தளைப் பற்றுதான் சரி. துண்டு முழுவதையும் சூடாக்கி, விரிசலில் பித்தளையை உருக்கி ஓடவிட்டு, சுண்ணாம்புத் தூளில் புதைத்து, இரவு முழுவதும் மெள்ள ஆறவிட வேண்டும்.

பிம்ப்ரி-சிஞ்ச்வட் பக்கத்தில் இரும்பு வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பித்தளைப் பற்று வைக்கத் தெரிந்த கை இப்போது அபூர்வம். போசரியில் நான்கு பட்டறைகளில் "புதிதாகவே செய்து தருகிறோம்" என்றார்கள். ஐந்தாவது பட்டறையில் ஒரு பெரியவர் துண்டுகளைக் கையில் வாங்கி நகத்தால் தட்டிப் பார்த்தார். "காலையில் வாங்க" என்றார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பழைய வெல்டிங்கைக் கல்லில் கரைத்து எடுத்தோம். இரண்டு துண்டையும் அவற்றின் பழைய ஓட்டைகளாலேயே ஓர் இரும்புப் பலகையில் முடுக்கினோம். அப்படிச் செய்தால்தான் ஓட்டைகளின் இடைவெளி இம்மியும் மாறாது. அதன் பிறகே நெருப்பு. மறுநாள் சுண்ணாம்பிலிருந்து எடுத்துப் பார்த்தால், கறுப்பு இரும்பில் பொன்னிறத்தில் ஒரு கோடு.

ஊதுபத்தி வைத்தியம்

பிராக்கெட்டை மாட்டி மிதித்தேன். பெடல் அழகாக ஏறி இறங்கியது. ஆனால் ஆர்கன் ஈனஸ்வரத்தில் ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கிவிட்டது. எங்கோ காற்று கசிகிறது.

ரயிலில் என்றால் பார்க்க முள் இருக்கும். இங்கே முள் இல்லையே? ஒரு முழம் பிளாஸ்டிக் குழாயை 'ப' எழுத்தைப்போல் வளைத்து, பலகையில் கட்டி, குங்குமம் கரைத்த தண்ணீரை ஊற்றினேன். ஒரு ரீடை உருவி, அந்த வாயில் குழாய் நுனியைச் செருகி, மெழுகால் அடைத்தேன். அந்தக் கட்டையை அமுக்கிக்கொண்டு மிதித்தால் குங்குமத் தண்ணீர் ஒரு பக்கம் ஏறுகிறது. மூன்று அங்குலம் ஏறியது. காலை எடுத்ததும் நான்கு எண்ணுவதற்குள் இறங்கிவிட்டது. இருபதாவது எண்ண வேண்டாமா?

ஆஜியின் பேத்தியை மிதிக்கச் சொல்லிவிட்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, துருத்தியின் மடிப்புகளை ஒட்டி மெள்ள நகர்த்தினேன். (பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்திருந்தேன், பழைய மரம் பாருங்கள்!) புகை நேராக மேலே போய்க்கொண்டே இருந்தது. அடி மடிப்பின் மூலைக்கு வந்ததும் சட்டென்று வளைந்து உள்ளே போயிற்று. எலி கடித்த ஓட்டை, பட்டாணி அளவு. பேத்திக்கு ஒரே ஆனந்தம். பன்னிரண்டு வயது, பாட்டுக் கற்றுக்கொள்கிற பெண். அன்றிலிருந்து எனக்கு அவள்தான் உதவியாள்.

ரப்பர் பூசிய துணியால் ஒட்டுப் போட்டோம். ஒட்டியது தச்சர்கள் காய்ச்சும் வஜ்ரத்தால். "கடையில் நல்ல பசை கிடைக்குமே" என்று மகன் கேட்டார். கிடைக்கும். ஆனால் அந்தப் பசை ஒட்டினால் ஒட்டியதுதான். இன்னும் ஐம்பது வருடம் கழித்து இதைத் திறப்பவன் துணியையும் மரத்தையும் சேர்த்துப் பிய்க்க வேண்டியிருக்கும். வஜ்ரமோ வெந்நீரும் சூடும் பட்டால் விட்டுக்கொடுக்கும். ரயில்வேயில் என் மேஸ்திரி ஒருவர் சொல்வார்: நீ முடுக்குகிற நட்டை நாளைக்கு வேறொருவன் கழற்றணும், அவனை நினைத்துக்கொண்டு முடுக்கு என்று.

நான் சேமிப்புத் துருத்தியைத் தொல்லையில்லாமல் திறக்க முடிந்ததும் அதனால்தான். எனக்கு முன்னால் யாரோ ஒருவர் வஜ்ரத்தால் மூடியிருந்தார். உட்பலகையில் பென்சிலால் தேவநாகரியில் ஒரு வரி இருந்தது: தோல் மாற்றியது, 1958. பெயர் இல்லை. அவருக்கு மனத்துக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

என் தவறு

இவ்வளவும் செய்தவன் கடைசியில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். துருத்தி ஸ்பிரிங்குகள் பழசாயிற்றே என்று, ரவிவார் பேட்டையில் போஹ்ரி ஆளி இரும்புக் கடைகளில் அலைந்து, நல்ல கனமான ஸ்பிரிங் வாங்கிவந்து போட்டேன். என் காலுக்கு மிதிக்கக் கம்பீரமாக இருந்தது. பெருமையோடு ஆஜியை அழைத்து உட்கார வைத்தேன்.

அவர் இரண்டு மிதி மிதித்தார். நிறுத்திவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டார். "ஜட் ஆஹே, அண்ணா" என்றார். கனமாக இருக்கிறதாம். குறையாகச் சொல்லவில்லை. இவ்வளவு சிரமப்பட்ட மனிதனிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற சங்கடம்தான் அந்த முகத்தில் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். உள்ளே இருக்கும் வெற்றிடம் எவ்வளவு என்பதை முடிவு செய்வது சேமிப்புத் துருத்தியின் ஸ்பிரிங். பெடல் துருத்தியின் ஸ்பிரிங்குக்குத் துருத்தியை மூடுவது மட்டும்தான் வேலை. ஆக, என் கனத்த ஸ்பிரிங்கால் ஆர்கனுக்கு ஒரு பலமும் கூடவில்லை. நான் கூட்டியது ஆஜியின் முழங்கால் வலியை மட்டுமே! பழசு என்றாலே பலவீனம் என்று எண்ணிவிட்டேன். மறுநாள் பழைய ஸ்பிரிங்குகளைத் துடைத்து, எண்ணெய் காட்டி, அவற்றையே மாட்டினேன். இம்முறை ஆஜி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார். ஒரு கட்டையை அமுக்கினார். பிறகு ஒன்று. பிறகு கை தானாக ஓடியது. அவர் தந்தை நாடகக் கம்பெனிகளில் ஆர்கன் வாசித்தவர். இந்தப் பெட்டிதான் கம்பெனியோடு ஊர் ஊராகப் போயிருக்கிறது. பத்து வயதில் தந்தையின் மடியில் உட்கார்ந்து அவர் மிதிக்க இவர் வாசித்தாராம். பெடலுக்குக் கால் எட்டாத வயது.

மகன் வாசற்படியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பால்கனிக்குப் போய் யாருக்கோ போன் செய்தார். மாதக் கடைசியில் ஹோட்டல் வண்டி வரவில்லை.

மாமாவின் கடிதம்

இப்போது அந்தக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தாய்மாமா மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகங்களில் கால் ஹார்மோனியம் வாசித்தவர். விடிய விடிய வள்ளி திருமணம் வாசித்துவிட்டு வீங்கிய காலோடு வீட்டுக்கு வருவார். 1986-இல் அவரிடமிருந்து எனக்கு ஓர் இன்லண்ட் கடிதம் வந்தது. "மாப்பிள்ளை, பெட்டியின் பெடல் கம்பி ஒடிந்துபோச்சு. நீ இரும்பு வேலைக்காரன். லீவில் வரும்போது ஒன்று செய்து கொண்டு வா" என்று எழுதியிருந்தார். கம்பியை அளவெடுத்துப் படமும் போட்டிருந்தார்.

அரை மணி நேர வேலை. அந்த லீவுக்குப் போகவில்லை. அடுத்த லீவுக்குப் போனேன், கம்பியை மறந்துவிட்டேன். மாமா ஒன்றும் கேட்கவில்லை. அதற்கடுத்த முறை போனபோது பெட்டி இல்லை. பழைய சாமான்காரர் எடைக்கு எடுத்துப் போயிருந்தார். 1988-இல் மாமா காலமானார். பிரேக் பிடிக்காத எத்தனையோ பெட்டிகளை ராத்திரியோடு ராத்திரியாகச் சரிசெய்து அனுப்பியவன் நான். அந்த ஒரு பெட்டிக்கு எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஆஜியிடம் இதைச் சொன்னேன். என் மராத்தி எப்படிப்பட்டது என்று நம் சங்கத்தாருக்குத் தெரியும். முப்பது வருடம் புனேயில் இருந்தும் காய்கறிக் கடைக்கு மேல் அது வளரவில்லை. பாதி கையாலும் பாதி வாயாலும் சொல்லி முடித்தேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்துபோய் மாமாவுக்காக என்று சொல்லி ஒரு நாட்டியகீதம் வாசித்தார். என்ன பாட்டென்று எனக்குத் தெரியாது. மெட்டு மட்டும் எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது. நம் ஊர் நாடக மேடையில்தான் கேட்டிருக்க வேண்டும்.

அந்த ஆண்டு விநாயகர் சதுர்த்தியின் நான்காம் நாள், கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பேத்தி பாடினாள், ஆஜி வாசித்தார். ஆர்கனை லிஃப்டில் இறக்கும்போது பெடலைக் கயிற்றால் தூக்கிக் கட்டி, பாரம் முழுவதும் அடிச்சட்டத்தில் நிற்கிறதா என்று கூடவே நடந்து பார்த்தவன் யார் என்று சொல்லத் தேவையில்லை. என் இல்லத்தரசி விநியோகித்த சுண்டலுக்கும் நல்ல வரவேற்பு.

பின்பலகையை மூடுமுன் நானும் பென்சிலால் ஒரு வரி எழுதினேன், தமிழில். பிராக்கெட்டின் படத்தை அளவுகளோடு ஒரு காகிதத்தில் வரைந்து பக்கத்தில் ஒட்டினேன், வஜ்ரத்தால்தான். பேத்தி அதன் கீழே தன் பங்குக்கு ஓர் ஊதுபத்தி படம் போட்டாள்.

அன்பர்களே, நம்மில் பலருக்கு ஊரில் ஒரு வீடும், அந்த வீட்டில் ஒரு பரணும் உண்டு. அதில் தாத்தாவின் ஹார்மோனியமோ, பாட்டியின் தையல் மிஷினோ, அப்பாவின் வால்வு ரேடியோவோ கிடக்கலாம். அடுத்த லீவில் போகும்போது எடைக்குப் போடுமுன் ஒரு முறை பின்பலகையைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் ஒடிந்திருப்பது ஒரே ஒரு துண்டாகத்தான் இருக்கும். அதைத் தூக்கி எறியாதீர்கள். புதிது செய்ய அதுதான் அளவு. அதை வைத்திருந்த பெரியவர் இன்னும் இருந்தால், முதலில் அவரிடம் கேளுங்கள், எங்கே கனக்கிறது என்று.